பார்க்க மட்டும்

கொத்தலரிப்பட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது, ஊரிலிருந்த வாசற்கதவுகளும் புறவாசல் கதவுகளும், பீரோக்களும் டிரங்குப் பெட்டிகளும், அரிசிப் பானை மூடியும் ஊறுகாய் ஜாடி மூடியும், மாட்டுத் தொழுவத்துப் படலும்கூட, சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் கை பட்டால்தான் திறப்போம், வேறு யார் கைக்கும் திறக்க மாட்டோம் என்று இருந்துவிட்டன. சித்திரை வெக்கைக்கு மொட்டைமாடியில் படுத்திருந்தவர்கள் இறங்கிவந்து தள்ளிப் பார்த்து, உதைத்துப் பார்த்து, உள்ளே படுத்திருந்தவர்களைத் திட்டிப் பார்த்து, உள்ளே இருந்தவர்களும் அதே கதவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், வேறு வழியில்லாமல் அண்ணாச்சியைப் போய் எழுப்பினார்கள். அவர் பல்கூட விளக்காமல் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து கதவு கதவாக ஒரு விரலை வைத்தார். ஒவ்வொன்றும் திறந்தது. நூற்றுப் பதினேழு வீடு வரைக்கும் ஒரு சிக்கலும் இல்லை. நூற்றுப் பதினெட்டாவது, கடைசி வீடு, செண்பகவல்லியுடையது. அண்ணாச்சி விரலை வைத்தார், உள்ளங்கையை வைத்தார், தோளையும் கொடுத்துப் பார்த்தார், கதவு அசையவில்லை. அப்போது உள்ளேயிருந்து செண்பகவல்லியே தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தாள்.

ஊர் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை, மூன்று வருஷப் பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசி பதினாலாம் தேதி, அவள் வீட்டுக்காரன் தவசிக்கண்ணு காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. கிணற்றில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள், கண்மாயில் ஆள் இறக்கினார்கள், போலீஸ் வந்து இரண்டு தடவை டீ குடித்துவிட்டுப் போனது. ஒன்றும் கிடைக்காததால் ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒருத்தன் காற்றாகவா போவான்? அதே மாதம்தான் அவள் அடுக்களையில் புதிதாகச் சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள் என்பதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அன்றிலிருந்து அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள்.

அவளும் சும்மா இருக்கவில்லை, அவள் பங்குக்கு இரண்டு பேரைச் சந்தேகப்பட்டாள். ஒருவர் தவசிக்கண்ணுவின் அண்ணன் பொன்னுலிங்கம். இன்னொருவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி, தவசிக்கண்ணு வேலைபார்த்த ஃப்ளெக்ஸ் கடையின் முதலாளி, முன்பே கல்யாண சீசனில் அவனுக்கு உதவியாக வந்து தன் பெயரில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த அவளை, அவன் போனபிறகு அவன் நாற்காலியிலேயே உட்காரவைத்து வேலை கொடுத்தவர். இப்படி இரக்கப்படுகிற ஆள் எதையோ மூடி மறைக்கத்தான் இரக்கப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

பொன்னுலிங்கத்தைச் சந்தேகப்பட வேறு காரணம் இருந்தது. கொத்தலரிப்பட்டியில் உயிர் போவது வேறு, சாவது வேறு. பஜார் முக்கில் அண்ணாச்சி கடையின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஏறினால்தான் ஒருவர் செத்தவர். அது ஏறாமல் சுடுகாட்டுக்குப் போனவர்களின் பெயரைக்கூட ஊரார் ரொம்ப நாளைக்கு உயிரோடு இருப்பவர் பெயர் போலத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள், ஏறிவிட்டாலோ எமனே திருப்பி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அந்த ஃப்ளெக்ஸின் அடியில் ‘இப்படிக்கு’ என்று போட்டு யார் பெயர் முதலில் வருகிறதோ அவருக்குத்தான் செத்தவரின் வீடு என்பதும் ஊர் வழக்கம். பொன்னுலிங்கம் மூன்று வருஷமாகத் தம்பிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கவேண்டும், கருமாதியை முடிக்கவேண்டும், ‘இப்படிக்கு’ தன் பெயர் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது ஏறிவிட்டால் செண்பகவல்லிக்கு வீடும் இல்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாயும் இல்லை. தவசிக்கண்ணுவின் படம் கைக்கு அகப்படாததால் மட்டுமே அது இத்தனை நாள் தள்ளிப்போனது.

ஊரார் படமெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, தவசிக்கண்ணுவுடையது மட்டும் அதில் யார் கண்ணிலும் படவில்லை. பதினைந்து வருஷமாக ஊரில் நடந்த காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாவற்றின் படங்களையும் தவசிக்கண்ணு ‘ஊர்’ என்று பெயர் வைத்த ஒரே ஃபோல்டருக்குள், வீட்டுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து அடுக்கியிருந்தான். கடையிலிருந்த நாலு கம்ப்யூட்டர்களும் அந்த ‘ஊரை’த்தான் பகிர்ந்துகொண்டன. சித்திரையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் அந்த ஃபோல்டர் யாருக்கும் திறக்காமல், உங்களுக்கு அனுமதி இல்லை, உங்களுக்கு அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய அந்த வியாழக்கிழமை தூத்துக்குடியிலிருந்து ஜோவிட்டா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். நாலு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணாச்சி, இதெல்லாம் உங்க பேர்ல இல்ல. ஓனர்னு ஒரு நீள நம்பர்தான் வருது. வேலை பாத்த ஆளோட அக்கவுண்ட் அழிஞ்சிட்டு. ஆனா ஃபைலெல்லாம் இன்னும் அவிய பேர்லதான் கெடக்கு.”

“ஆளே இல்லங்கும்போது அவன் பேர்ல என்னத்துக்கு? எம் பேருக்கு மாத்திரு.”

“ஊரை மட்டுமா, அதுக்குள்ள இருக்கது எல்லாத்தையுமா?”

“உள்ள இருக்கது எல்லாந்தாம்மா. ஒண்ணு விடாம.”

“நல்லா யோசிச்சுக்கிடுங்க. ஒவ்வொண்ணா மாத்துனா நேரம் ஆவும், ஆனா அதான் மொறை. மொத்தமா மாத்துனா எது யாருதுன்னு இருந்த அடையாளமே போயிரும்.”

“மூணு கல்யாணப் பத்திரிகை நிக்கி. டிக்க போடுத்தா.”

மொத்தமாக மாற்றும் கட்டத்தில் ஜோவிட்டா டிக்கைப் போட்டாள். வீட்டுப் பெயர்கள் திரையில் கடகடவென்று மேலே ஓடின. மறைத்து வைத்திருந்த ஃபோல்டர்களும் வெளியே வந்தன. கடைசியில் ஒன்று மட்டும் மாட்டேன் என்று நின்றது. அதன் பெயர் ‘செண்பகம்’. உரிமையாளர் என்ற இடத்தில் நம்பர் இல்லை, செண்பகவல்லி என்று இருந்தது. மேலேயிருந்து வரும் எந்த உத்தரவும் உள்ளே இறங்காதபடி யாரோ அதை மட்டும் தனியாக அறுத்துவிட்டிருந்தார்கள். ஜோவிட்டா பக்கத்தில் நின்ற செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லியின் முகம் வெளுத்திருந்தது.

“ஒண்ணே ஒண்ணு வரமாட்டேங்கு அண்ணாச்சி,” என்றாள் ஜோவிட்டா.

“ஒண்ணுதான, கழுத, விடு.”

மறுநாள் காலையில்தான் கதவுகள் அப்படி ஆயின. யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஊரையே ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுத்தால் ஊர் அவருக்குத்தானே திறக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஆச்சரியப்பட நேரமும் இல்லை. அண்ணாச்சி திறந்த கதவை மறந்துபோய்ச் சாத்தியவர்கள் மறுபடி அவர் வாசலில் போய் நிற்கவேண்டியிருந்தது. ஆகவே யாரும் எதையும் மூடவேண்டாம் என்று பொதுவாக முடிவானது. வாசற்கதவுக்குச் செங்கல், பீரோவுக்குச் செருப்பு, அரிசிப் பானை மூடிக்கு அகப்பைக் காம்பு என்று முட்டுக்கொடுத்தார்கள். காளவாசலில் செங்கல் தீர்ந்துபோனது. அண்ணாச்சி விடியற்காலையில் மாட்டுத் தொழுவம், பிறகு அடுக்களைகள், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் கோயில் நடை என்று முறை வைத்து ஊரைச் சுற்றினார். குழந்தைகள் பென்சில் டப்பாவை நீட்டினார்கள், புதுப்பெண்கள் வெட்கத்தோடு நகைப்பெட்டியை நீட்டினார்கள்.

சுற்றிச் சுற்றி அவர் கால் வீங்கியபோது ஜோவிட்டா போனில் வழி சொன்னாள். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்ளாமல் ஆளுக்குக் கொஞ்சம் அனுமதி கொடுக்கலாம், முழு உரிமை என்று ஒன்று, மாற்றலாம் என்று ஒன்று, பார்க்க மட்டும் என்று ஒன்று. கெட்டகாலம் அங்கேதான் தொடங்கியது. முழு உரிமை முதலில் அண்ணாச்சியின் வீட்டம்மா அன்னபுஷ்பத்துக்குப் போனது, பிறகு அவள் கூடப்பிறந்தவர்களுக்குப் போனது. வேண்டாதவர்களுக்கு, பார்க்க மட்டும். ‘பார்க்க மட்டும்’ வாங்கியவருக்கு மூடிய கதவும் மூடிய பெட்டியும் கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்டும், கையை வைத்தால் மட்டும் திறக்காது. ஒரு மாமியார் மருமகளின் ஊறுகாய் ஜாடியைத் திறக்காமலே அதற்குள் எத்தனை மாங்காய்த்துண்டு இருக்கிறது என்று தெருவில் நின்று சொன்னாள். தன் வீட்டுச் சோற்றுப்பானையை மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்து இளைத்துப்போன ஒருவர், எதிர்வீட்டுக்காரன் மட்டும் எப்படி ‘மாற்றலாம்’ வாங்கினான் என்று யோசித்து யோசித்து இன்னும் இளைத்தார். திறந்துகிடந்த வீடுகளுக்குள் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யார் எதை எடுத்தது, யாருக்கு எவ்வளவு உரிமை, யார் யார் காலைப் பிடித்தது என்று அண்ணன் தம்பியை, தம்பி பெண்டாட்டியை, பெண்டாட்டி தன் தாயை என்று சந்தேகப்பட்டார்கள்.

இத்தனை திறந்த கதவுகளுக்கு நடுவில் ஊரில் சாத்தியிருந்த ஒரே கதவு செண்பகவல்லியின் கதவுதான். அவள் நினைத்தபோது திறந்தாள், நினைத்தபோது சாத்தினாள். அதை ஊரால் தாங்கவே முடியவில்லை.

“எல்லார் கதவும் அண்ணாச்சி கைல இருக்கு, இவ கதவு மட்டும் இவ கைல எப்படி இருக்கு?”

“அடுக்களைச் சிமெண்டுக்குக் கீழ எதோ இருக்கப்போய்த்தான சாத்துதா.”

அவள் இதெல்லாம் காதில் விழாததுபோல் வேலைக்குப் போய்வந்தாள். ஆனால் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ‘செண்பகம்’ என்ற அந்தப் பெயரின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்துவாள், எடுத்துவிடுவாள். யார் தன்னைக் கொன்றார்கள் என்று அவன் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்? அது அண்ணாச்சியாக இருந்தால், அவர் கடையிலேயே உட்கார்ந்து அதை எப்படிப் படிப்பது? இப்படித்தான் அவள் பயந்தாள். வேறுவிதமாகப் பயப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சி கடைக்குள் வந்து நாற்காலியில் விழுந்தார். கூடவே பொன்னுலிங்கம். கடை வாசலில் பாதி ஊர். ஜோவிட்டாவையும் போன் போட்டு வரவழைத்திருந்தார்கள்.

“செண்பகம்,” என்றார் அண்ணாச்சி. “எல்லாம் எம் பேர்லதான் இருக்கு. நான் உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு ஒம்பது நாளாச்சு. எல்லாத்தையும் அவங்கவங்களுக்கே திருப்பிக் குடுத்திரலாம்னு பாக்கேன். ஒண்ணு வராம நிக்கித பாரு, அதுதான் இதுக்கெல்லாம் மொடக்குனு எல்லாரும் சொல்லுதாவ. அத எம் பேருக்கு விட்டுக் குடுத்திரு தாயி.”

“அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி.”

“தெரியாதா?” பொன்னுலிங்கம் முன்னால் வந்தார். “மூணு வருசமா இதத்தான சொல்லுத. எந்தம்பிய என்ன செஞ்சேங்கது அதுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கு நீ தெறக்கலன்னா, கடப்பாரையக் கொண்டாந்து ஒன் அடுக்களைய நாங்க தெறக்கோம்.”

“கடப்பாரைக்கு அந்த வீட்டுக் கதவு தெறக்காது அத்தான். நீங்க தள்ளிப் பாத்திய, எனக்குத் தெரியும்.” அவள் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “தெறக்கேன். ஆனா யார் பேருக்கும் குடுக்க மாட்டேன். நானே தெறக்கேன், நீங்க ரெண்டு பேரும் இந்தா இப்படி எம் முன்னால நில்லுங்க. உள்ள இருக்கதப் பாக்கும்போது உங்க மூஞ்சிய நான் பாக்கணும்.”

தன் பெயரில் உள்ளே நுழைந்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு, அந்தப் பெயரின்மேல் இரண்டு தட்டு தட்டினாள். உத்தரவு கேட்காமல் திறந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல் இருந்தது.

எட்டடிக்கு ஆறடி அளவில், ரோஜாப்பூ ஓரம் வைத்து, மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, நடுவில் தவசிக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தான். திருச்செந்தூரில் மொட்டை போட்ட பிறகு முடி வளர்ந்துகொண்டிருந்தபோது எடுத்த படம், அவள்தான் எடுத்தாள். தோற்றம் என்பதற்கு எதிரே அவன் பிறந்த தேதி. மறைவு என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. கீழே, இப்படிக்கு செண்பகவல்லி. வேறு பெயரே இல்லை.

ஜோவிட்டா குனிந்து ஃபைலின் விவரத்தைப் படித்தாள். “மே இருவத்தேழு, அதாவது வைகாசி பதிமூணு, சாயங்காலம் ஆறு பத்துக்கு செஞ்சிருக்காவ. அவிய காணாமப்போனதுக்கு மொத நாள். செஞ்சது அவியதான். செஞ்ச கையோட அக்கா பேருக்கு ஓனர மாத்தி, வேற யாரும் தொடாதபடி மேலருந்து வாரத அறுத்து விட்டிருக்காவ.”

பொன்னுலிங்கம் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “அப்ப நீ ஒண்ணும் செய்யலையா?” என்று கேட்டார்.

“நீங்களும் ஒண்ணும் செய்யலையா அத்தான்?”

“என்னையா சொல்லுத?”

“உங்களத்தான். அண்ணாச்சியையும்தான்.”

அண்ணாச்சி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். “சோறு போட்டவன்லா நானு,” என்றார்.

“அதுக்குத்தான் சந்தேகப்பட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க.”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாயங்காலம் ஆறு பத்துக்குத் தன் சாவைத் தானே வரைந்து ரோஜாப்பூ ஒட்டிவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, தேங்காய்த் துவையலில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னவன். மறுநாள் காலையில் அவள் கையால் நாலு இட்லி தின்றவன். வீட்டை அவளுக்கு விட்டுப்போகிற அளவுக்கு அவளை நினைத்திருக்கிறான், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்கிற அளவுக்கு நினைக்கவில்லை. என்றைக்காவது இவளுக்கு வேண்டியிருந்தால் என்னைச் சாகடித்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகத் தேதியைக் காலியாக விட்டுவிட்டுப் போனான், அதை இங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லாமலே போனான். மூன்று வருஷம் அவள் டம்ளருக்குள் ஊர் எட்டிப் பார்த்தது. அவள் இரண்டு நல்ல மனுஷர்களைக் கொலைகாரர்களாகப் பார்த்தாள். சந்தேகப்படவேண்டிய ஒரே ஆளுக்காகத் தினமும் இரண்டு இட்லி கூட ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா,” ஜோவிட்டா மெல்லக் கூப்பிட்டாள். “இந்த ஃபோல்டர்ல உங்க பேரு போக இன்னொண்ணும் இருக்கு. அந்த நீள நம்பர். அவிய தனக்குன்னு முழு உரிமையும் வச்சுக்கிட்டுத்தான் போயிருக்காவ. எடுத்துரவா?”

செண்பகவல்லி அந்த எண்ணைக் கடைசிவரைக்கும் படித்தாள். அது போய்க்கொண்டே இருந்தது.

“முழு உரிமைய எடு. மாத்துறத எடு,” என்றாள். “பாக்குறத மட்டும் விடு.”

பிறகு விசைப்பலகையை இழுத்து, மறைவு என்பதற்கு எதிரே, அன்றைய தேதியைப் போடாமல், மூன்று வருஷத்துக்கு முந்தைய வைகாசி பதினாலைப் போட்டாள். ஒரு எழுத்தையும் வேறு மாற்றவில்லை. இயந்திரம் ஃப்ளெக்ஸைத் துப்பி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. பொன்னுலிங்கமே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பஜார் முக்கில் ஏணி வைத்துக் கட்டினார். கட்டிவிட்டு, ‘இப்படிக்கு’ என்ற இடத்தை ஒரு தடவை பார்த்தார், இறங்கினார். கருமாதியன்று அவள் அடுக்களையில், அந்தச் சிமெண்டுத் தரையில்தான், ஊர் உட்கார்ந்து சாப்பிட்டது. ஒருவரும் டம்ளருக்குள் பார்க்கவில்லை.

கதவுகளைத் திருப்பிக் கொடுக்க நாலு நாள் ஆனது. இந்தத் தடவை மொத்தமாக மாற்ற ஜோவிட்டா சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டாரும் கடைக்கு வந்து, வாசற்கதவு யாருடையது, பீரோ யாருடையது, அரிசிப் பானை யாருடையது என்று சொல்லவேண்டும் என்றாள். புருஷன் எல்லாம் என் பேருக்கு என்று தொடங்குவான், அடுக்களை என்று வந்ததும் பெண்டாட்டி தொண்டையைக் கனைப்பாள். மூன்று வீடுகளில் அங்கேயே சண்டை வந்தது, ஒரு வீட்டில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு சமாதானம் வந்தது. அண்ணாச்சி தன் கைக்கு மிச்சமானது தன் வீட்டுக் கதவு மட்டும்தான் என்று தெரிந்த அன்றைக்கு, அதைச் சாத்திக்கொண்டு இரண்டு பகல் தூங்கினார்.

ஃப்ளெக்ஸ் ஏறிய பதினாறாம் நாள், மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸில் ஓர் ஆள் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது, சட்டைப்பையில் பேனா இருந்தது. பஜார் முக்கில் தன் முகத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றான். டீக்கடையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவனைப் பார்த்தார்கள்.

“யாருய்யா நீரு? வெளியூரா?” என்று கேட்டார் பொன்னுலிங்கம்.

“அண்ணே, நாந்தான்.”

பொன்னுலிங்கம் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். “எந்தம்பி செத்து மூணு வருசமாச்சே,” என்று சொல்லிவிட்டு, டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவன் தன் வீட்டுக்கு வந்தான். கதவு சாத்தியிருந்தது. கையை வைத்தான், திறக்கவில்லை. தோளைக் கொடுத்தான். பிறகுதான் அந்தக் கதவு, தேக்குக் கதவு, அவன் கண்ணுக்கு மட்டும் மெல்ல மெல்லக் கண்ணாடி போல ஆனது. உள்ளே எல்லாம் தெரிந்தது. அடுக்களைத் தரை தெரிந்தது. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செண்பகவல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு, புளிக்குழம்பு, தேங்காய்த் துவையல். தட்டு ஒன்றுதான் இருந்தது.

“செண்பகம்,” என்று கூப்பிட்டான். “செண்பகம், கதவத் தெற. நான் சொல்லுதேன், எல்லாத்தையும் சொல்லுதேன்.”

அவள் நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். அவள் இருந்த பக்கத்திலிருந்து அது வெறும் தேக்குதான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யார் நிற்கிறார்கள் என்று தெரியும், எங்கே நிற்கிறான் என்று தெரியும், என்ன பார்க்கிறான் என்றும் தெரியும். துவையலைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தாள். எட்டி உப்புச் சம்படத்தை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கல் அதிகமாகப் போட்டுப் பிசைந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.